தோட்டம் நகரமான கதை



கிள்ளானிலிருந்து மேருவுக்குச் செல்லும் சாலையை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். இருபுறமும் தொழிற்சாலைகள், கடைவீடுகள், லாரிக் கொட்டகைகள், புதிய தாமான்கள். அந்தச் சாலை வழியே பள்ளிக்கு வரும் நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி ஒருநாள் வகுப்பில் எழுந்து நின்று கேட்டாள்: "ஐயா, நம்ம பள்ளிப் பேர்ல 'தோட்டம்'னு இருக்கே, தோட்டம் எங்கே?"

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய பாட்டனார் காலத்தில் அதே வட்டாரத்தில் பால்மரக் காடு இருந்தது. விடியற்காலையில் பெரட்டு மணி அடித்தது. இன்று மரமும் இல்லை, மணியும் இல்லை. பள்ளியின் பெயர் மட்டும் பலகையில் இருக்கிறது. தோட்டம் எங்கே போயிற்று, அதில் வாழ்ந்தவர்கள் எங்கே போனார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடுவதே இன்றைய உரையின் நோக்கமாகும்.

முதலில் நகரம் பிறந்த கதையைப் பார்ப்போம். 1857-ஆம் ஆண்டில் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்திற்கு ஈயம் தேடிச் சென்ற சீனச் சுரங்கத் தொழிலாளர்களால் உருவானதே கோலாலம்பூர். அக்காலத்தில் கிள்ளானே பெரிய ஊர். 1880-இல் ஆங்கிலேயர் தங்கள் நிர்வாகத்தைக் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாற்றினர். அடுத்த ஆண்டே அவ்வூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்கின. மரத்தாலும் அத்தாப்பாலும் கட்டிய வீடுகள் அழிந்தன. இனிச் செங்கல்லாலும் ஓட்டாலும்தான் கட்ட வேண்டும் என்று, 1882-இல் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம் வற்புறுத்தினார். செங்கல் சூளைகள் எழுந்த இடமே பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது.

1886-இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியது. 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. அதுவே இன்றைய போர்ட் கிள்ளான். இரயில் பாதைக்கு மண் சுமந்தவர்கள், தண்டவாளம் போட்டவர்கள், துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர்கள் ஆகியோரில் நம்மவர்கள் பெருந்தொகையினர். பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளில் தமிழகத் தமிழரும் இலங்கைத் தமிழரும் வாழ்ந்தனர். ஆகவே நகரம் நமக்கு அந்நியமானதன்று. நகரத்தின் அடித்தளத்திலேயே நம் கைவேலை இருக்கிறது.

நகரத்தைச் சுற்றி எழுந்தது இரப்பர். 1890-களில் தொடங்கிய வணிகப் பயிர், 1910-ஐ ஒட்டிய விலையேற்றத்தில் காடுகளையும் பழைய காப்பித் தோட்டங்களையும் விழுங்கிப் பரவியது. கங்காணிகள் தமிழகத்துக் கிராமங்களுக்குச் சென்று ஆள் கட்டி வந்தனர். 1938-இல் இந்திய அரசு அவ்வகைக் குடியேற்றத்திற்குத் தடை விதிக்கும் வரையில் கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன.

தோட்டம் தனி உலகமாக இருந்தது. உள்ளேயே லயம், கோயில், கடை, கள்ளுக்கடை, மருந்தகம், பிள்ளை மடுவம் எல்லாம் இருந்தன. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் உள்ள தோட்டத்தில் பள்ளிக்கூடம் இருக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் கூறியது. நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் பிறப்பு அந்தச் சட்டத்தோடு தொடர்புடையது.

இந்த ஏற்பாட்டில் ஒரு முடிச்சு இருந்தது. வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தது. லயத்திற்கு வாடகை இல்லை என்பது உண்மை. ஆனால் உரிமையும் இல்லை. வேலை உள்ளவரை வீடு. வேலை போனால் வீடும் போகும், கோயிலும் போகும், பிள்ளையின் பள்ளியும் போகும். மூன்று தலைமுறை ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்திருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அது முதலாளி வேலைக்காக ஒதுக்கிய இடமே. இந்த முடிச்சை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் நடந்தவற்றுக்கெல்லாம் வேர் இதில்தான் இருக்கிறது.

தொழிலாளர் இதனை வாய்மூடி ஏற்றிருக்கவில்லை. 1941-இல் இதே கிள்ளான் வட்டாரத்தில் தோட்டங்கள் பல வேலை நிறுத்தத்தில் இறங்கின. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் தலைவர்களுள் ஒருவராகிய ஆர்.எச். நாதன் அதில் முன்னின்றார். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி கேட்டார்கள். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கக் கேட்டார்கள். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது. தொழிலாளர் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கூலிக்கும் மானத்திற்குமாக நடந்த அந்தப் போராட்டத்தில் வீட்டு மனை கேட்கும் காலம் இன்னும் வரவில்லை. தோட்டம் என்றென்றும் இருக்கும் என்றே எல்லாரும் நம்பியிருந்தனர்.

அந்த நம்பிக்கை 1950-களில் உடையத் தொடங்கியது. ஐரோப்பிய நிறுவனங்கள் சில, தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டன. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு துண்டுகளாக்கி விற்றனர். இதனையே தோட்டத் துண்டாடல் என்கிறோம். பெரிய தோட்டத்திற்குத் தேவைப்பட்ட ஆள்கள் சிறு துண்டுக்குத் தேவைப்படவில்லை. உங்கு அசீஸ் இத்துண்டாடலை ஆராய்ந்து எழுதிய அறிக்கை 1960-களின் தொடக்கத்தில் வெளிவந்தது.

அவ்வேளையில் துன் வீ.தி. சம்பந்தன் ஒரு வழி காட்டினார். விற்கப்படும் தோட்டத்தைத் தொழிலாளரே வாங்கினால் என்ன? 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. தொழிலாளர்கள் மாதந்தோறும் தம் சிறு கூலியிலிருந்து பங்குப் பணம் கட்டினர். சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று பேசினார். கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம். எல்லாத் தோட்டங்களையும் அதனால் காப்பாற்ற முடியவில்லை. ஆயினும் அன்றாடக் கூலிக்காரரும் ஒன்றுசேர்ந்தால் நிலவுடைமையாளர் ஆகலாம் என்பதை அது நிரூபித்தது.

துண்டாடலைக் கட்டுப்படுத்த அரசாங்கமும் தேசிய நிலச் சட்டத்தில் 214A என்ற பிரிவைச் சேர்த்தது. நாற்பது ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்றுவதற்குத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி தேவை என்பது அப்பிரிவின் சாரம்.

அடுத்து நகரமே தோட்டத்தை நோக்கி நடந்து வந்தது. கோலாலம்பூரின் நெரிசலைக் குறைக்க 1950-களின் தொடக்கத்தில் பெட்டாலிங் ஜெயா உருவானது. அது இரப்பர்த் தோட்ட நிலம். பங்சார் என்ற பெயரே பழைய இரப்பர்த் தோட்டமொன்றின் பெயரிலிருந்து வந்தது. 1974-இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமாகப் பிரிந்தபின், 1978-இல் ஷா ஆலாம் சிலாங்கூரின் தலைநகராயிற்று. அது முன்னாளில் சுங்கை ரெங்கம் தோட்டம். சுபாங் ஜெயா, சீபீல்ட் தோட்டம். 1998-இல் பொதுநல விளையாட்டுப் போட்டி நடந்த புக்கிட் ஜாலிலும் தோட்டம். புத்ராஜெயாவின் மண்ணில் பெராங் பெசார் போன்ற தோட்டங்கள் இருந்தன. நம் பக்கத்தில், நோர்த் ஹம்மோக் தோட்டம் இருந்த இடத்தில் செத்தியா ஆலாமும், புக்கிட் ராஜா தோட்டம் இருந்த இடத்தில் அதே பெயருடைய நகரமும் இந்த நூற்றாண்டில் எழுந்தன.

1970-இல் மலேசியரில் நூற்றுக்கு முப்பது பேருக்கும் குறைவானவர்களே நகரங்களில் வாழ்ந்தனர். 1991-இல் அது பாதியளவாயிற்று. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 75 பேர் நகரவாசிகள். ஐம்பதே ஆண்டுகளில் ஒரு நாட்டின் வாழ்க்கை முறையே மாறிவிட்டது.

நகரம் வளர்வது குற்றமன்று. 1972-இல் சுங்கை வேயில் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கியபோது, தொழிற்சாலைப் பேருந்துகள் தோட்டத்து வாசலுக்கே வந்தன. நம் பெண்பிள்ளைகள் முதன்முறையாகக் கங்காணிக்கும் கிராணிக்கும் கட்டுப்படாத சம்பளத்தைக் கையில் வாங்கினர். பலர் விரும்பியே தோட்டத்தை விட்டுப் போயினர். இரப்பரின் இடத்தைச் செம்பனை பிடித்தபோது ஆள் தேவையும் குறைந்தது. ஆகவே நகரம் வந்திராவிட்டாலும் பழைய தோட்ட வாழ்வு அப்படியே நீடித்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. நகரம் வந்தபோது, அந்த மண்ணில் ஏற்கெனவே வாழ்ந்தவர்களுக்கு என்ன ஏற்பாடு செய்யப்பட்டது என்பதே கேட்கத்தக்க கேள்வி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பணி நிறுத்தப்படும் தொழிலாளருக்கான இழப்பீட்டு விதிகள் 1980-இல் வந்தன. அவற்றின்படி, ஐந்தாண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு ஆண்டொன்றுக்கு 20 நாள் சம்பளம் கிடைக்கும். இருபத்தைந்து ஆண்டு பால்மரம் வெட்டிய ஒருவரின் நாள் கூலி 15 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். இருபத்தைந்தை இருபதால் பெருக்கினால் 500 நாள். அதைப் பதினைந்தால் பெருக்கினால் 7,500 வெள்ளி. 1980-களில் மலிவு விலை வீட்டின் உச்ச விலை 25,000 வெள்ளி. அதாவது வாழ்நாள் உழைப்பின் ஈட்டுத்தொகை ஒரு மலிவு வீட்டின் மூன்றில் ஒரு பங்கிற்கும் எட்டவில்லை. ஐம்பது வயதைக் கடந்தவருக்கு வங்கிக் கடன் எளிதில் கிடைக்குமா? வேலைக்கு ஈடு கொடுக்கப்பட்டது. வீட்டிற்கு ஈடு கொடுக்கப்படவில்லை. ஏனெனில் வீடு அவருடையதன்று என்று சட்டம் முன்னமே முடிவு கட்டியிருந்தது. நான் முன்னர்ச் சொன்ன முடிச்சு இதுதான்.

இரண்டாவது குறை, தோட்டம் கிராமமும் அன்று, நகரமும் அன்று என்ற நிலை. தோட்டம் தனியார் நிலமாதலால், கிராமங்களுக்குக் குழாய்நீரும் மின்சாரமும் கொண்டுசென்ற மேம்பாட்டுத் திட்டங்கள் தோட்டத்து வேலியோடு நின்றுவிட்டன. தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் விதிக்கும் சட்டம் 1990-இல் திருத்தமாக வந்தது. ஆனால் அதற்குள் பல தோட்டங்கள் மேம்பாட்டாளர் கைக்கு மாறும் தறுவாயில் இருந்தன. விற்கப்போகும் நிலத்தில் யார் புது வீடு கட்டுவார்?

மூன்றாவது குறை அதிகாரப் பிரிவினையைச் சார்ந்தது. நம் கூட்டரசு அரசியலமைப்பின்படி நிலம் மாநில அரசின் பொறுப்பு. தொழிலாளர் நலனும் கல்வியும் மத்திய அரசின் பொறுப்பு. ஒரு தோட்டம் மூடப்படும்போது நிலத்தின் பயனை மாற்ற ஓர் அலுவலகம் அனுமதி தருகிறது. இழப்பீட்டைப் பார்ப்பது வேறு அலுவலகம். பள்ளியைப் பார்ப்பது இன்னோர் அலுவலகம். குடும்பமோ ஒன்றே. மூன்று கோப்புகள் ஒரே மேசையில் சேராததால் அந்தக் குடும்பம் மூன்றுக்கும் இடையில் விழுந்தது. விவசாய நிலம் வீடமைப்பு நிலமாக மாறும் அந்த ஒரு கணத்தில்தான் நிலத்தின் மதிப்புப் பன்மடங்கு ஏறுகிறது. அங்கு வாழ்பவர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்த பின்னரே அனுமதி என்று நிபந்தனை போடக்கூடிய கணமும் அதுவே. அப்படி நிபந்தனை போட்ட இடங்களில் மக்கள் பிழைத்தனர். வாய்மொழி வாக்குறுதியோடு நின்ற இடங்களில் ஆண்டுக்கணக்காக அலைந்தனர்.

வீடு கிடைக்காதவர்கள் எங்கே போனார்கள்? ஆற்றோரத்திலும் இரயில் பாதையோரத்திலும் பலகை வீடு கட்டினர். புறம்போக்குவாசிகள் என்ற பெயர் அவர்களுக்கு வந்தது. அங்கிருந்தும் எழுப்பப்பட்டவர்கள் தற்காலிக நீண்ட வீடுகளில் வைக்கப்பட்டனர். தற்காலிகம் என்பது பலருக்குப் பத்தாண்டுக்கு மேலும் நீண்டது. 2001 மார்ச்சில் பழைய கிள்ளான் சாலையை ஒட்டிய கம்போங் மேடான் வட்டாரத்தில் நடந்த கலவரத்தில் 6 பேர் உயிரிழந்தனர். வெவ்வேறு இனத்து ஏழைகள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த இடம் அது. இடநெருக்கடியும் வறுமையும் கவனிக்கப்படாமல் கிடந்தால் ஒரு சிறு பொறி போதும் என்பதை அந்த மார்ச்சு மாதம் நமக்கு உணர்த்தியது. 2005-க்குள் புறம்போக்குக் குடியிருப்பே இல்லாத மாநிலம் என்ற இலக்கைச் சிலாங்கூர் வகுத்தது. பலகை வீடுகள் மறைந்து அடுக்குமாடிகள் எழுந்தன. கூரை கிடைத்தது மெய். ஆனால் கோழி வளர்த்த கொல்லையும், வாசலில் உட்கார்ந்து பேசிய கிழவரும், பிள்ளையை அதட்ட உரிமையுள்ள பக்கத்து வீட்டு அத்தையும் ஐந்தாம் மாடிக்கு ஏறி வரவில்லை.

பிற நாடுகளிலும் இச்சிக்கல் உண்டு. சிங்கப்பூரில் 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கியது. முதல் ஐந்தாண்டுகளிலேயே 50,000-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. 1968-இலிருந்து சேமநிதியைக் கொண்டே வீடு வாங்க வழி செய்தார்கள். அங்கே ஒரே அரசாங்கத்தின் கையில் நிலமும் வீடும் சேமநிதியும் இருந்தன. முன்னர்ச் சொன்ன மூன்று கோப்புகளும் அங்கே ஒரே மேசையில் கிடந்தன என்று கொள்ளலாம். சென்னையிலோ, ஆற்றோரக் குடிசைவாசிகளை 2000-ஆம் ஆண்டு முதல் நகருக்கு வெளியே கண்ணகி நகரில் குடியேற்றினர். வீடு கொடுத்தார்கள். ஆனால் வீட்டு வேலை செய்த பெண்களுக்கும் கூலித் தொழிலாளருக்கும் வேலையிடம் தொலைவாகிப் போயிற்று. பலர் பிழைப்பை இழந்தனர். வீடு என்றால் நான்கு சுவர் மட்டுமன்று; வேலைக்குப் போகும் வழியும் பள்ளிக்குப் போகும் வழியும் சேர்ந்ததே வீடு என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

நேயர்களே, இன்னும் தோட்டத்தில் வாழும் குடும்பங்களுக்கும், தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களுக்கும் இந்த வரலாறு சில பாடங்களைத் தருகிறது.

முதலாவது, தாள். எத்தனை ஆண்டு வேலை செய்தோம், எந்த லயத்தில் குடியிருந்தோம் என்பதற்கான சான்றுகளை, பழைய சம்பளச் சீட்டுகள் உட்பட, பத்திரப்படுத்துங்கள். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தையும் அடையாள அட்டையையும் உரிய காலத்தில் எடுங்கள். பத்திரம் இல்லாத பிள்ளைக்கு நகரத்தில் பள்ளி வாசலே தடையாகும். இரண்டாவது, எழுத்து. வீடு தருவோம் என்று யார் சொன்னாலும் எந்த இடத்தில், எத்தனை வீடு, எந்த நாளுக்குள், என்ன விலைக்கு என்பதை எழுதி வாங்குங்கள். மூன்றாவது, கூட்டு. தனித்தனியே போய்க் கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கியவர்கள் பணத்தோடு முடிந்தனர். ஒன்றாய் நின்றவர்கள் பெரும்பாலும் வீட்டைப் பற்றிப் பேச முடிந்தது. தொழிற்சங்கமும் கூட்டுறவும் அதற்காகவே ஏற்பட்டவை. நான்காவது, சேமநிதியைக் கண்ணுங்கருத்துமாகக் காப்பது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்று செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டுபவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். நம் பாட்டன்மார் குடியிருந்த அதே முடிச்சுக்குள் அவர்கள் இன்று குடியிருக்கிறார்கள். நம் கதையை அறிந்தவர்கள் அவர்களை ஏளனமாகப் பார்க்கக் கூடாது.

இறுதியாக, அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். நாடு விடுதலை பெற்ற 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530 இருக்கின்றன. தோட்டங்கள் மூடப்பட்டபோது பள்ளிகளும் மூடப்பட்டன. ஆனால் சில பள்ளிகள் மூடப்படவில்லை. பெற்றோரும் வாரியங்களும் விடாமல் கேட்டதால், அவை உரிமத்தோடும் பெயரோடும் நகரத்துப் புதிய தாமான்களுக்கு இடம்பெயர்ந்தன. லயம் இடிந்தது, ஆலை நின்றது, மரம் விழுந்தது. பள்ளி மட்டும் நம்மோடு நகரத்திற்கு வந்து சேர்ந்தது.

அதனால் அவளிடம் நான் சொன்னது இதுதான்: "தோட்டம் எங்கும் போகவில்லையம்மா. நீ நிற்கிற இடந்தான் தோட்டம். அதன் மேல் நகரம் கட்டியிருக்கிறார்கள். இங்கே இன்னார் வாழ்ந்தார்கள் என்பதற்கு நம்மிடம் மிஞ்சியிருக்கிற சான்று இந்தப் பெயர். வீட்டுக்குப் போய் உன் பாட்டியிடம் அவர் எந்த லயத்தில் இருந்தார் என்று கேட்டு எழுதிக்கொண்டு வா."

மறுநாள் அவள் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். உங்கள் வீட்டிலும் எழுதப்படாத அத்தகைய பக்கம் ஒன்று இருக்கும். பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.